மழை வந்தால் இருமும் வேன்

மழை பெய்தால் வேன் இருமும், திணறும், நடுரோட்டில் நின்று மானத்தை வாங்கும். வெயிலடித்தால் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி ஓடும். இதை அண்ணனுக்குப் புரியவைக்க முயன்று முயன்று தங்கைக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன் அது. ஓட்டுகிறவள் தங்கை. பழுது பார்க்கிறவன், சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன். போன வாரம் பாலத்து மேல் வேன் நின்று, பிள்ளைகள் தொப்பலாக நனைந்து பள்ளிக்குப் போனார்கள். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆள் பார்த்துக்குவோம்" என்று பள்ளி மேனேஜர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அந்த ஓட்டம் போனால் அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

இன்று காலை பிள்ளைகளை எப்படியோ இறக்கிவிட்டு, கொட்டுகிற மழையில் வேனை இருமவிட்டபடியே பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினாள். இந்தத் தடவை கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

"கேட்டியா சத்தத்தை?"

"கத்தாத. பார்க்கத்தானே போறேன். முதல்ல ஆஃப் பண்ணு."

அழுக்கு என்ஜினில் கை வைப்பதில்லை என்பது அண்ணனின் தொழில் சுத்தம். பானெட்டைத் திறந்தான். துணியால் மூலைமுடுக்கெல்லாம் துடைத்தான். கம்ப்ரசர் குழாயை எடுத்துப் புஸ் புஸ்ஸென்று காற்றடித்தான். அந்தப் பொறுமையைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இப்ப ஸ்டார்ட் பண்ணு."

சனியன் பிடித்த என்ஜின் சீராக ஓடியது!

"வண்டி தங்கம். உனக்குத்தான் மழைன்னா பயம். கிளட்சைப் படக்குன்னு விட்டு விட்டு நிறுத்திடற."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஸ்டீயரிங்கை ஓங்கிக் குத்தினாள். அப்போதுதான் அவன் கையிலிருந்த காற்றுக் குழாய் கண்ணில் பட்டது.

"அண்ணா, ஒவ்வொரு தடவையும் இப்படிக் காத்தடிச்சிட்டுத்தான் பார்ப்பியா?"

"பின்ன? நான் என்ன நேத்து தொழிலுக்கு வந்தவனா?"

"அட கடவுளே! ஈரத்துலதான் கோளாறுன்னு தலைபாடா அடிச்சுக்கிறேன். நீ ஈரத்தைத் துடைச்சுட்டு, கோளாறே இல்லைங்கிறியே!"

அவன் பதறப் பதற, வாளித் தண்ணீரைக் கையில் அள்ளி, ஓடிக்கொண்டிருந்த என்ஜின் மேல் தெளித்தாள். வேன் குலுங்கியது, இருமியது, விக்கியது. அண்ணன் போய் ஷட்டரை இறக்கினான். அந்த இருட்டில் பிளக் ஒயர் மேல் நீலப் பொறி ஓடுவது இருவருக்கும் தெரிந்தது. ஒயரின் மேல்தோலில் மயிரிழையாக வெடிப்பு. ஈரம் பட்டதும் கரண்ட் அதன் வழியே கசிந்துகொண்டிருந்தது.

புது ஒயர்கள் மாட்டியதும் அவள் மறுபடி தண்ணீர் தெளித்துப் பார்த்தாள். என்ஜின் அசரவில்லை.

"அட!" என்றான் அண்ணன். அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஈரக் கையோடு மேனேஜருக்கு போன் போட்டாள்.

"சார், கோளாறு கிடைச்சிடுச்சு! ஒயர்தான் சார். மாத்தியாச்சு. இனிமே எவ்வளவு மழை பெஞ்சாலும் நிக்காது."



"நாளையிலருந்து வேற வேன் வருதும்மா. நேத்துதான் முடிவு பண்ணோம்."

"இன்னொரு தடவை ஆச்சுன்னாதான் வேற ஆள்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"சொன்னேன். அப்புறம் மனசு கேட்காம உங்க அண்ணனுக்கே போன் பண்ணி விசாரிச்சேன். வண்டியில ஒரு குறையும் இல்ல, தங்கச்சிதான் ஓட்டத் தெரியாம நிறுத்திடறான்னு அவர்தான் சொன்னார். அதுக்கப்புறம் பிள்ளைங்களை எப்படிம்மா உங்களை நம்பி அனுப்பறது?"

அவள் போனை வைத்தாள். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அவர் கேட்டது வண்டியைப் பத்தித்தானே? என்னைப் பத்தி ஏன்ணா சொன்ன?"