கம்பிவலையா, மரமூடியா

இரவுப்பணி முடிந்து காலையில் வீட்டுக்குள் நுழைந்த நோலீனுக்குத் தட்டு வைக்க மேசையில் இடமில்லை. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் போல இரண்டு ஹெட்போன்கள் இரண்டு தாங்கிகளில் விறைப்பாக உட்கார்ந்திருந்தன. மூன்றாவது அவள் கணவன் மர்டோவின் தலையில் இருந்தது. தாங்கிகளைச் சுற்றி வயர்கள். நடுவே, ஹெட்போன்களுக்கு ஒலி கூட்டித் தரும், அடுப்பு மாதிரி சூடாகிக் கிடக்கும் ஒரு கறுப்புப் பெட்டி.

"தட்டை எங்க வைக்கிறது, என் தலையிலயா?"

மர்டோ ஒரு காதுப்பக்கத்தை மட்டும் நகர்த்தினான். "என்ன?"

"ஒண்ணுமில்ல."

"ஒரே நிமிஷம் இதக் கேட்டுட்டுப் போ. அந்தப் பொம்பள பாட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுப்பா பாரு. இந்தக் கம்பிவலை ஹெட்போன்ல ஒரு மாதிரி கேக்குது, அந்த மரமூடி போட்டதுல வேற மாதிரி கேக்குது."

"ராத்திரி பூரா கிழடுகட்டைங்களுக்கு மூச்சு ஒழுங்கா வருதான்னு பாத்துட்டு வந்திருக்கேன், மர்டோ. இவ இழுத்தா என்ன, விட்டா என்ன?"

டனீடின் நகர முதியோர் இல்லம் ஒன்றில் அவள் நர்ஸ். அவன் போர்ட் சால்மர்ஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி, சென்ற இலையுதிர்காலத்தில் ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்றதும் செய்த முதல் வேலை, கூடத்தில் ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்களை நிறுத்தியது. கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு பலகைச் சுவர். பகலில் தூங்க வேண்டியவள் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு, "அந்தப் பெட்டிங்க இந்த வீட்டுல இருக்கட்டும், இல்ல நான் இருக்கேன். யோசிச்சுச் சொல்லு" என்றாள். அவன் யோசிக்காமலே அவற்றைத் தன் பழைய சகா டெவிட்டாவுக்குக் கொடுத்துவிட்டு, இனி ஹெட்போனில்தான் பாட்டு என்று சத்தியம் செய்தான்.

அதுவரை அவனைக் குறை சொல்ல முடியாது. எதை வாங்குவது என்று ஆரம்பித்த இடத்தில்தான் சனி பிடித்தது.

ஆக்லாந்திலுள்ள ஒரு கடையினர், வீட்டில் வைத்துக் கேட்டுப் பாருங்கள், பிடிக்காததைத் திருப்பி அனுப்புங்கள் என்று இரண்டை அனுப்பியிருந்தார்கள். மூன்றாவது டெவிட்டாவிடம் இரவல். அதன் பாரம் அம்மிக்கல்லைத் தலையில் கட்டிய மாதிரி. இரண்டே நாளில் மர்டோவின் கழுத்துப் பிடித்துக்கொண்டது. வீடெல்லாம் தைல நாற்றம். அது போட்டியிலிருந்து விலகியது, தாங்கியிலிருந்து விலகவில்லை. மீதி இரண்டில் ஒன்றின் காதுக்கிண்ணங்கள் வெளிப்பக்கம் கம்பிவலையாகத் திறந்திருந்தன. மற்றது வழவழப்பான மரத்தால் முழுக்க மூடியது.

"வலையில காத்தோட்டமா இருக்கும், நோலீன். பாட்டு தலைக்குள்ள அடைஞ்சு கெடக்காது. எதிர்ல மேடை போட்டுப் பாடற மாதிரி இருக்கும்."

எதிரில் மேடை போட்டது அவனுக்கு. அவளுக்கு அது சுவருக்குப் பின்னால் கொசுவாக வந்தது. பாடுபவளின் குரல் வராது, அடிச்சத்தம் வராது. டிரம்ஸிலுள்ள தாளத்தட்டின் ச்சி, ச்சி, ச்சி மட்டும் வலை வழியே கசிந்து, பலகையைத் துளைத்து, தலையணைக்கு வரும். பாட்டு முழுசாக ஓடினாலாவது பழகித் தூங்கியிருப்பாள். ஓடாது. கொஞ்சம் ஓடும், நிற்கும். ஹெட்போனை மாற்றுவான். மறுபடி முதலிலிருந்து. அடுத்து வர வேண்டியதற்காகக் காது காத்துக் கிடக்கும். அது வரவே வராது.

மூன்றாம் நாள் பகலில், தூங்கும் உடையோடு எழுந்து வந்து கதவருகில் நின்றாள்.

"பாட்டை முடிச்சாவது தொலையேன்!"

"ஒப்பிடறப்ப முழுசாக் கேக்கக் கூடாது. காது பழகிடும்."

"என் காது ஏன் பழகல?"

மர்டோவின் முகம் சுருங்கிவிட்டது. "சரி. இனிமே பகல்ல மர மூடியை மட்டும் போட்டுக்கறேன். அதுல ஒரு பொட்டுச் சத்தம் வெளிய வராது."

சொன்ன சொல் தவறவில்லை. மறுநாள் வீடு கிணறு மாதிரி அமைதியாக இருந்தது. நோலீன் போர்வையை இழுத்து மூடி, ஆக இவ்வளவுதானே விஷயம், இதற்கா இத்தனை பாடு என்று கண்ணை மூடினாள். தூக்கம் கண்ணுக்குள் இறங்கும் நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கன்றுக்குட்டி கத்தியது.

திடுக்கிட்டு எழுந்தாள். மறுபடி கத்தியது. கன்றுக்குட்டி இல்லை. மர்டோ பாடிக்கொண்டிருந்தான்.

சுதியும் இல்லை, தாளமும் இல்லை. சொற்கள் பாதியில் முறிந்து மூக்கு வழியாக வெளியே போயின. கூடத்துக்குப் போய்ப் பார்த்தால் கண்ணை மூடி, நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்து வைத்திருக்கிறான். தோளைத் தட்டினாள்.

"பாடற."

"யாரு?"

"நீதான்."

"நானா? நான் பாடவே மாட்டேனே. கனவு கண்டிருப்ப நீ. தூக்கம் பத்தலன்னா அப்படித்தான் வரும்."

தூக்கம் பத்தவில்லையாம்! அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மர மூடியை எடுத்துத் துறைமுகத்தில் வீசியிருப்பாள். நடந்துபோகச் சக்தி இல்லாததால் படுக்கைக்குத் திரும்பினாள். அரைமணி கழித்து மறுபடியும் கன்றுக்குட்டி.

வெள்ளிக்கிழமை டெவிட்டா வந்தான், கையில் சீஸ் ரோல் பொட்டலமும் புது வயர் ஒன்றுமாக. தோங்கா தீவுக்காரர்கள் தேவாலயத்தின் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுகிறவன். மலை மாதிரி உடம்பு, மலையே முனகுகிற மாதிரி குரல். "அக்கா, நீங்க படுங்க. சத்தமே வராது. வயரை மட்டும் மாத்திப் பாத்துட்டுப் போயிடறோம்" என்றான். அவள் நம்பினாள். நம்பியது அவள் தப்பு.

இவன் தலையில் மரம், அவன் தலையில் இரவல் கொடுத்த அம்மிக்கல். இரண்டும் ஒரே பெட்டியில் செருகியிருந்தன. கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அப்பாலிருந்து அடிக்குரல் எழுந்தது, அருமையாகத்தான். அதன் மேலேயே கன்றுக்குட்டியும் ஏறி உட்கார்ந்தது.

நோலீன் வந்து நின்றதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. கைதட்டிப் பார்த்தாள். பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கடைசியில் கறுப்புப் பெட்டியின் பின்னால் கையை விட்டு இரண்டு வயரையும் பிடுங்கினாள்.

பாட்டு நின்றது டெவிட்டாவுக்குச் சட்டென்று தெரிந்தது, வாயை மூடிக்கொண்டான். மர்டோவுக்குத் தெரிய ஒரு நொடி பிந்தியது. அந்த ஒரு நொடி, எந்தத் துணையும் இல்லாத தன் குரல் வெறும் கூடத்தில் ஒலிப்பதை அவனே கேட்டான்.

மூடியைக் கழற்றினான். "டெவிட்டா, உண்மையச் சொல்லு. நான் இவ்வளவு நேரமும் பாடிட்டா இருந்தேன்?"

டெவிட்டா சீஸ் ரோலைப் பார்த்தான். "கொஞ்சம், அண்ணே."

"எப்படி இருந்துச்சு?"

"மனசார இருந்துச்சு, அண்ணே." அதற்கு மேல் தேவாலயத்துக்காரனால் பொய் சொல்ல முடியவில்லை. மனைவி தேடுவாள் என்று தன் ஹெட்போனையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

மர்டோ வயர்களைச் சுருட்டினான். நோலீன் திட்டுவதற்காகவே சேர்த்து வைத்திருந்த சொற்கள் நிறைய இருந்தன. ஆனால் அவன் கழுத்துவரை சிவந்து போயிருந்தான்.

"நம்ம கல்யாணத்துல எல்லாரும் பாடறப்பகூட நீ வாய மட்டும்தான அசைச்ச" என்றாள். "இப்ப என்ன வந்துச்சு உனக்கு?"

"பள்ளிக்கூடத்துல ஒரு டீச்சர். ஊர் விழாவுக்குப் பாட நிறுத்தி வச்சிருந்தாங்க. அவ ஒவ்வொருத்தன் வாய்கிட்டயும் காதை வச்சுக் கேட்டுட்டே வந்தா. என்கிட்ட வந்ததும், நீ வாய மட்டும் அசை, சத்தம் வேணாம்னு சொல்லிட்டா. அதுலேருந்து அசைக்கறதோட சரி."

இத்தனை வருஷத்தில் இதை அவன் சொன்னதில்லை. அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். தூக்கம் போயே போயிற்று. இனி எது போனால் என்ன.

"வலையைப் போட்டா என் குரல் எனக்கே கேக்குது" என்றான். "வாய் தானா மூடிக்குது. மரத்துல கேக்கல. அதான் எனக்கு மரம் பிடிச்சுப் போச்சு போல. நான் என்னமோ ஓசை நயம், மூச்சு, அது இதுன்னு பாத்துட்டிருந்தேன்."

"கொடு இங்க." அவள் மர மூடியை வாங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டாள். வயரைத் திரும்பச் செருகி அவன் பாட்டைப் போட்டான். முதலில் இருட்டு மாதிரி ஓர் அமைதி. பிறகு காதுக்குப் பக்கத்திலேயே ஒருத்தி மூச்சு இழுத்தாள், பல்லிடுக்கில் காற்று நுழைவது வரைக்கும் தெளிவாக. கர்மம், கேட்கத்தான் செய்தது. அதை அவனிடம் ஒப்புக்கொள்ள அவளுக்கு மனமில்லை.

"பரவாயில்ல" என்று கழற்றிக் கொடுத்தாள். "வலையைத் திருப்பி அனுப்பு. இத வச்சுக்க. ஆனா நான் வேலைக்குக் கிளம்பினப்புறம்தான் கேக்கணும்."

"எனக்கு எட்டரைக்கெல்லாம் கண்ணு சொருகிடுமே. துறைமுகத்துப் பழக்கம்."

"மர்டோ. இத்தனை நாளா யார் தூக்கம் கெட்டுதுன்னு கொஞ்சம் நெனச்சுப் பாரு."

நினைத்துப் பார்த்தான். "சரி, ஒரு டீயைக் குடிச்சுட்டு உக்காந்துக்கறேன்" என்றான்.

கம்பிவலை ஆக்லாந்துக்குப் போயிற்று. மேசையில் தட்டு வைக்க இடம் வந்தது. நோலீன் பகலெல்லாம் அடித்துப்போட்டது போல் தூங்கினாள்.

அடுத்த வாரம், இரவு ஒன்பது மணி ஆகியும் அந்தி வெளிச்சம் இன்னும் மங்காத ஒரு கோடை மாலை, பணிக்கு வந்து மாத்திரை வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பக்கத்து வீட்டு ஏவ்ரில்.

"நோலீன், பதறாத. உங்க வீட்டுல மர்டோ முனகற சத்தம் கேக்குது. விழுந்து கெடக்கானோ என்னமோ. கதவத் தட்டினேன், தெறக்கல. ஆம்புலன்ஸக் கூப்பிடட்டுமா?"

நோலீன் வண்டியை நிறுத்தினாள். முனகலாம்! அந்தக் கன்றுக்குட்டிதான்.

"வேணாம், ஏவ்ரில். அவன் பாடறான்."

"பாடறானா? இதுக்குப் பேரு பாட்டா?"

"ஆமா, பாட்டுதான்." குரல் தானாகவே உயர்ந்தது. "அவன் வீட்டுல அவன் பாடறான். கேக்கப் பிடிக்கலன்னா உன் ஜன்னலைச் சாத்திக்க."

போனை வைத்த பிறகுதான், இனி வேலிக்கு மேலே ஏவ்ரில் முகத்தில் எப்படி விழிப்பது என்று எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஜன்னலை மூடிட்டுப் பாடித் தொலை என்று மர்டோவுக்குச் செய்தி அனுப்பினாள். பதில் வரவில்லை. கதவு தட்டுவதே கேட்காதவனுக்குச் செய்தி எங்கே கேட்கப்போகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே வண்டியை அடுத்த அறைக்குத் தள்ளினாள்.