சுவரில் மாட்ட வேண்டிய தாள்

முதலாளிக்கு நான் தர வேண்டியது எட்டாயிரத்து நானூற்று முப்பது. மனைவியின் ஆபரேஷனுக்கு வாங்கியது. அவருடைய லாண்டரியில்தான் எனக்கு மூட்டை சுமக்கிற வேலை. பதினைந்து வயது மகளையும் அங்கேயே சேர்த்துக்கொண்டு, அவள் சம்பளத்தில் பாதியைக் கடனில் கழித்து வந்தார்.

இளவயதுக்காரர் வேலை செய்ய அரசு தந்த பெர்மிட்டை, "பத்திரமா வீட்ல வைய்யா" என்றார். நானும் பிளாஸ்டிக் பையில் சுற்றி அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.

எனக்கு எழுத்து வந்ததே நாற்பத்தாறு வயதில். ஒரு ஞாயிற்றுக்கிழமை படித்துப் பழகலாமே என்று அதை எடுத்து, விரல் வைத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். பின்பக்கமும் எழுத்து இருந்தது. ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்தான். சூடான மெஷினில் நிறுத்தக் கூடாது. பெற்றோர் கடனுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. இந்தத் தாள் வேலை இடத்தில் சுவரில் இருக்க வேண்டும்.

மகள் நின்றது விரிப்புகளைத் தேய்க்கும் சூடான இஸ்திரி உருளையில், ஏழு மணி நேரம். முழங்கையில் இரண்டு தழும்பு.

மறுநாள் தாளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனேன். கேட்காமலே மூட்டைகளைச் சுமந்துகொண்டிருந்தேன். பதினொரு மணிக்குத் தொழிலாளர் ஆய்வாளர் அம்மா வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினார்.

முதலாளி என் தோளைப் பிடித்தார். "உனக்குச் சோறு கொண்டுவந்த பொண்ணுன்னு சொல்லு. கடன் சீட்டை இப்பவே கிழிச்சிடறேன்."

"நிஜமாவா?" என்று கேட்டேன். வெட்கக்கேடு, கேட்டேன்.

மகள் எங்களையே பார்த்தபடி விரிப்பை உருளைக்குள் விட்டாள். விரலும் கூடவே போனது.

"கையை எடு!" கத்திவிட்டேன். அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். ஆய்வாளர் திரும்பினார்.

"யாருங்க அந்தப் பொண்ணு?"

"என் மகளுங்க. எட்டு மாசமா இங்கதான் வேலை." வியர்வையில் நனைந்த தாளை நீட்டினேன்.

"சுவத்துல இருக்க வேண்டியது சட்டைக்குள்ள என்ன பண்ணுது?"

"நேத்து வரைக்கும் அரிசி டப்பாவுக்குக் காவல் இருந்துச்சும்மா."

ஆய்வாளர் உத்தரவில், பிடித்த பணமெல்லாம் மகள் கைக்குத் திரும்பியது. என் கடன் மறுபடி அதே எட்டாயிரத்து நானூற்று முப்பது.

"இதைக் கடனுக்குக் குடுத்துடுங்கப்பா" என்றாள்.

"உன் காசு. உள்ள வை."

அதன்பின் அவள் துணி மடிக்கும் மேசையில், நாலு மணி நேரம். தலைக்கு மேல் அந்தத் தாள். நான் பதினேழு மாதம் கூடுதல் மூட்டை சுமந்தேன்.

கடைசித் தவணையன்று முதலாளி சீட்டை நீட்டினார். திருப்பிப் பார்த்தேன்.

"நம்பிக்கை இல்லையா?"

"இருக்குங்க. பின்பக்கத்தையும் பார்த்துக்கறேன்."

பாக்கி இல்லை என்று எழுதியிருந்தது.