வண்டி மை

வடமாலைப்பேட்டையைத் தாண்டியதும் நாய் ஒன்று குறுக்கே ஓடியது. தமிழ்ச்செல்வன் பிரேக்கை மிதித்தான். கார் நிற்பதற்கு முன் இடப்பக்கமாக ஓர் இழுப்பு இழுத்தது. அந்தப் பக்கம்தான் புரட்டாசி நடைக்காரர்கள் மஞ்சள் துணியும் வெறுங்காலுமாகத் திருமலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசியில் நடந்தவளின் முந்தானையைக் கார்க் கண்ணாடி உரசியது. அவள் திரும்பிப் பார்த்து, "கோவிந்தா" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. சவாரியைத் திருப்பதியில் இறக்கிவிட்டு, ஒவ்வொரு பிரேக்குக்கும் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்துப் பிடித்தபடியே புத்தூருக்குத் திரும்பினான்.

மெக்கானிக் வெங்கட் முகத்தைச் சுளித்தான். இந்தக் கோளாறுக்குத்தான் போன மாதம் புது பிரேக் பேட் போட்டிருந்தான். கொஞ்ச நாள் நேராக நின்றது, கீச்சென்று கத்தினாலும்.

"எலும்பா இருந்தா இந்த ஊர்லயே கட்டு கட்டி அனுப்பிடுவாங்கண்ணா. உன் வண்டிக்கு எந்த வைத்தியரு?"

"சிரிக்காத வெங்கட். ஆளு மேல ஏத்தப் பாத்தேன் இன்னிக்கு."

வெங்கட் சிரிப்பை நிறுத்தினான். லெஃப்டில் இழுத்தால் ரைட் சக்கரம் பிடிக்கவில்லை என்று அர்த்தம். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வண்டி அந்தப் பக்கம்தானே திரும்பும். வலது முன்சக்கரத்தைக் கழற்றினான். டிஸ்க் முழுக்கக் கருப்பாக வழவழத்தது. பேட் எண்ணெய் குடித்து ஊறியிருந்தது. "லீக்கா?" என்று டியூபைத் தடவினான், காய்ந்திருந்தது. பானெட்டைத் திறந்து பார்த்தான், பிரேக் ஆயில் குறையவேயில்லை. "ஏமிண்ணா இது, எங்கேர்ந்து வந்துது?" என்று கருப்பை விரலில் வழித்து நீட்டினான்.

தமிழ்ச்செல்வன் முகர்ந்து பார்த்தான். விளக்கெண்ணெய். அதில் எரித்த வைக்கோல் கரி. கரும்பு வண்டியின் அச்சுக்குப் போடும் மை. சின்ன வயதில் அவன் சட்டையிலும் சோற்றிலும்கூட இருந்த வாடை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, "தெரியல. வேற பேட் போடு" என்றான்.

மறுநாள் விடியும்போது ஜன்னலோரம் நின்று பார்த்தான். கார் எப்போதும் இடப்பக்கம் சுவரை ஒட்டித்தான் நிற்கும். வலப்பக்கம் அவன் நைனா திருவேங்கடம் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, தகர டப்பாவைச் சாய்த்து, சக்கரத்தின் ஓட்டை வழியே மையை ஊற்றிக்கொண்டிருந்தார். மருமகள் பெயரும் துன்ன சோறும் மறந்துபோன மனுஷன், கை மட்டும் நடுங்காமல் ஊற்றினார். வண்டியும் மாடும் போய் வெகுகாலமாகிறது. ஆயுசு முழுக்க ஆலைக்குக் கரும்பு இழுத்த கைக்கு அது தெரியவில்லை.

"நைனா! இன்னா பண்ற?"

"கத்துதுடா. அச்சு காஞ்சி கீது. மாடு எப்பிடி இழுக்கும்?"

"இது காரு நைனா. மாடு இல்ல. எண்ணெ பட்டா பிரேக் புடிக்காது. ஜனம் சாவும்."

கிழவர் அவனை அண்ணாந்து பார்த்தார். கண் கலங்கியது. "தப்பு பண்ணிட்டனா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்ட வேண்டியிருந்தது. அதற்கடுத்த விடியலிலும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

டப்பாவைப் பிடுங்கி ஒளித்தான். சாமி விளக்கு எண்ணெயை எடுத்து வந்தார். திட்டினான், ஒரு தடவை கையைக்கூட ஓங்கினான். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை, ஏன் சாப்பிடவில்லை என்று அவருக்கே தெரியவில்லை. எதிர்வீட்டு ரத்னம்மா, "கால்ல ஒரு கயிறு கட்டி வுடுப்பா, மாட்டக் கட்றதில்ல?" என்றாள். அவன் பெண்டாட்டி ஸ்வர்ணலதா, "நான் வேர்க்கடல ஆயப் போவணுமா, மாமாக்குக் காவலு உக்காரணுமா, நீயே சொல்லு" என்றாள்.

வெங்கட் மறுபடி பேட் மாற்றிக் கொடுத்தான், இந்த முறை கேள்வி கேட்காமல். தமிழ்ச்செல்வன் காரை மெயின் ரோட்டுப் பெட்ரோல் பங்கில் நிறுத்திவிட்டு நடந்து வந்தான். காலையில் நைனா வெற்றுச் சுவரைப் பார்த்தபடி நின்றார். "மாடு அவுத்துக்கினு பூட்ச்சா?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். அவன் பங்குக்குப் போனான்.

அன்று புத்தூர் பஸ் ஸ்டாண்டில் திருப்பதிக்கு ஒரு குடும்பம் ஏறியது. கைக்குழந்தையோடு பின்சீட்டில் ஒரு பெண், முன்னால் அவள் புருஷன். வடமாலைப்பேட்டையைத் தாண்டியும் சாலையோரம் பூராவும் மஞ்சள் துணி. கூட்டத்தின் வால்பகுதியில் ஒரு வெள்ளை வேட்டி, அழுக்காக. கையில் தகர டப்பா. அத்தனை தூரம் எப்படி வந்தார், லாரியில் ஏறினாரா, யார் ஏற்றிவிட்டார்கள், ஒன்றும் தெரியவில்லை. கால் பிரேக்குக்குப் போனது. கை பழக்கத்தில் வலப்பக்கம் ஒடித்தது. இழுப்பு இல்லாத கார் நடுரோட்டுக்குப் பாய்ந்தது. பின்னால் வந்த லாரி அலறிக்கொண்டு விலகியது, குழந்தை வீறிட்டது. கார் கீச்சென்று கத்தி நின்றது.

அந்தச் சத்தத்துக்குக் கிழவர் திரும்பினார். காணாமல்போன மாட்டைக் கண்டதுபோல முகம் விரிந்தது. அவசரமாக வந்து, காரைச் சுற்றிக்கொண்டு, லாரிகள் போகும் பக்கத்தில் வலது முன்சக்கரத்தண்டை உட்கார்ந்தார்.

"இன்னா டிரைவர், யாரு அது?" என்றான் முன்சீட்டுக்காரன்.

தமிழ்ச்செல்வன் இறங்கி, முதுகை லாரிகளுக்குக் காட்டி மறைத்தபடி அவர் பக்கத்தில் குந்தினான். "ஏந்திரி நைனா." அவர் டப்பாவைச் சாய்த்தார். பிடுங்கக் கை போனது, பாதியில் நின்றது. சக்கர ஓட்டைக்கு முன்னால் உள்ளங்கையை விரித்துக் குறுக்கே வைத்தான். கருப்பு மை அதில் விழுந்து, விரலிடுக்கில் ஒழுகி, தார் ரோட்டில் சொட்டியது. சக்கரத்தில் எவ்வளவு பட்டது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"இனிமே கத்தாது பார்" என்றார் நைனா, டப்பாவை இன்னும் சாய்த்து.