புதுக் குழாயும் புது மாப்பிள்ளையும்

போகிக்கு முதல் நாள் எங்கள் ஊரில் பிளம்பர் கிடைக்க மாட்டான். அதற்காக என் வீட்டுக்காரர் வெங்கட்ரத்னம் ஸ்பானரைக் கையில் எடுத்திருக்க வேண்டாம்.

கல்யாணமான பிறகு முதல் சங்கராந்திக்கு மாப்பிள்ளை பணீந்திரா வருகிறார். அவருக்காகவே குளியலறையில் அன்னப்பறவை போட்ட டைல் பதித்திருந்தோம். அதன் நடுவே பழைய குழாய் இவர் கண்ணை உறுத்தியது. கழற்றினார். புதுக் குழாயின் மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றி இறுக்கினார். இறுகி நின்றபோது அதன் மூக்கு ஹீட்டரைப் பார்த்தது. இன்னும் திருகினால் டைல் உடையுமோ என்று பயந்து, இறுக்கியதையே கொஞ்சம் தளர்த்தித் தரையைப் பார்க்க வைத்தார்.

"ஆடுதே இது?" என்றேன்.

"புதுசு அப்படித்தான் இருக்கும். நீ போ, எண்ணெயில அரிசெலு கருகுது."

போகியன்று காலையில் மாப்பிள்ளை தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு குளிக்கப் போனார். போனவர் போனவர்தான். தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. மகள் வாசலில் கோலத்துக்குக் கலர் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பாபு, ஏதாவது வேணுமா?" மாப்பிள்ளையை மரியாதையாகக் கூப்பிட்டு இவர் கதவைத் தட்டினார்.

"ஒண்ணும் வேணாம் மாமய்யா." குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

என் நாத்தனார் அன்னபூர்ணாவுக்கு அது போதும். "அண்ணய்யா, இது அலகதான்! மாப்பிள்ளை முறுக்கிக்கிட்டாரு!"

எங்கள் கோதாவரிப் பக்கத்தில் புது மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு உட்கார்ந்தால், மாமனார் ஏதாவது கொடுத்துத்தான் எழுப்ப வேண்டும். கூடத்தில் இருந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் காப்பித் தம்ளரோடு குளியலறை வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"வாட்ச் வாங்கித் தரேன் பாபு!"

உள்ளே தண்ணீர்தான் இன்னும் பலமாகக் கொட்டியது.

"பைக்கு?"

உள்ளே டங்கென்று ஏதோ விழுந்தது.

"பைக்குன்னதும் கோபம் வந்துடுச்சு பாரு," என்றாள் அன்னபூர்ணா. "பெருசா சொல்லு அண்ணய்யா!"

இவர் பெரிதாகவே சொன்னார். "மாந்தோப்பு உங்களுக்குத்தான் பாபு! இது என் வாக்கு!"

மாந்தோப்பு அவருடையதல்ல. மஞ்சள் குங்குமச் சீராக என் அம்மா எனக்குக் கொடுத்தது. இத்தனை பேர் எதிரில் கொடுத்த வாக்கை எப்படித் திரும்ப வாங்குவது? பல்லைக் கடித்துக்கொண்டு எனக்குள்ளே முணுமுணுத்தேன். குனிந்து நின்றேன். அப்போதுதான் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீரோடு ஒரு வெள்ளை டேப் துண்டு மிதந்து வந்து என் கால் விரலில் ஒட்டியது.

புரிந்துவிட்டது. மாடிக்கு ஓடித் தொட்டி வால்வை மூடிவிட்டு வந்தேன்.

"தண்ணிய நிறுத்திட்டேன் பாபு. கதவைத் திறங்க."

இடுப்பில் துண்டோடு மாப்பிள்ளை நின்றார். ஒரு கையில் குழாய். இன்னொரு கைக் கட்டைவிரல் இன்னமும் சுவர் ஓட்டைக்குள்.

"லேசாத்தான் திருகினேன் அத்தய்யா, கையோட வந்துடுச்சு. முதல் பண்டிகையிலேயே வீட்டை உடைச்சேன்னு பேரு வந்துடுமேன்னு நானே மாட்டப் பார்த்தேன்."

என் வீட்டுக்காரர் அன்னப்பறவையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை ஸ்பானர் கேட்டார். டேப்பைத் தாராளமாகச் சுற்றி, ஒரே பக்கமாகவே இறுக்கி, மூக்கு தரையைப் பார்த்ததும் நிறுத்தினார். டைலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்னபூர்ணா விடுவாளா? "குழாய் கிடக்கட்டும். தோப்புக்கு என்ன சொல்றீங்க?"

எல்லாரும் மாப்பிள்ளையின் வாயையே பார்த்தார்கள்.

"எந்தத் தோப்பு?" என்றார் மாப்பிள்ளை. "தண்ணி சத்தத்துல ஒண்ணுமே கேக்கலையே."

"கேக்கலையா? அப்ப மறுபடியும் சொல்ல..." என்று வாயைத் திறந்த வீட்டுக்காரரை முதுகில் கிள்ளினேன். இன்றுவரை அந்த இடம் வலிக்கிறதாம்.

பண்டிகை முடிந்து கிளம்பும்போது மாப்பிள்ளை என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். "கோடையில ஆவக்காய் போட்டா ஒரு ஜாடி அனுப்புங்க அத்தய்யா. உங்க தோப்பு மாங்காயிலயே போடுங்க."

தோப்பு என்னுடையது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இவர் வாக்குக் கொடுத்ததும் நான் குளியலறை வாசலில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு, "அது என் தோப்பு, என் தோப்பு" என்று முணுமுணுத்ததுதான் உள்ளே அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"ரெண்டு ஜாடி," என்றேன். "இது என் வாக்கு."