யார் ஊதிய கண்ணாடி?

ஞானசிகாமணி கண்ணாடிப் பாத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு படிகளில் தடதடவென்று இறங்கினார். மேலே விருந்தாளி தாகத்தோடு உட்கார்ந்திருந்தார். கீழே விருந்தாளியின் பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

அந்த ஊரில் இரண்டே சட்டம். வீட்டுக்கு வந்தவர் ஒரு வாய் தண்ணீராவது குடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது. யார் செய்தது, எதற்குச் செய்தது என்று தெரியாத கண்ணாடியில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஞானசிகாமணியிடம் இருந்ததோ இந்த ஒரே பாத்திரம்.

விருந்தாளியின் பெயர் பூவராகன். உண்மையில் அவர் தேடி வந்தது எதிர்வீட்டை. அது காலையில்தான் வேறு தெருவுக்குப் போயிருந்தது. எப்படியோ, ஞானசிகாமணியின் நாற்காலியில் உட்கார்ந்த முதல் மனிதர் அவர்தான். தண்ணீர் குடித்தால் போய்விடுவார்.

தெருக்கோடியில் ரெஜினாளின் கடை. பழைய கண்ணாடிகளுக்குக் குலம் கோத்திரம் சொல்கிறவள்.

"என்ன அண்ணாச்சி, இப்படி மூச்சு வாங்குது?"

"மேல ஆளு காத்திருக்காரு. இது யார் செஞ்சது, எதுக்குன்னு பாத்துச் சொல்லும்மா."

ரெஜினாள் அதைக் கவிழ்த்தாள். அடியைப் பெருவிரலால் தடவினாள்.

"கம்பியில ஒட்டி வச்சு ஒடிச்ச தழும்பு இருக்கு. அச்சுல வாத்தது இல்ல. வாயால ஊதினது. கண்ணு கழுவுத கிண்ணமா இருக்கும்."

அவள் சொன்னதும் பாத்திரம் எலுமிச்சம்பழ அளவுக்குச் சுருங்கியது.

ஞானசிகாமணி திரும்பியபோது படிகள் ஒரு மாடி கூடியிருந்தன. பூவராகன் கிண்ணத்தை உற்றுப் பார்த்தார்.

"கண்ணு கழுவினதா? அண்ணாந்து குடிச்சாலும் மனசு ஒப்பாதே சார்."

"அதானே," என்றார் ஞானசிகாமணி. குரலில் வருத்தம் இருந்தது. முகத்தில் இல்லை.

பிறகு பூவராகன் தன் இளைய மகளின் கடைவாய்ப் பல்லைப் பற்றிச் சொன்னார். கிராம்பு வைத்தும் வலி நிற்கவில்லையாம். அந்த அறையில் அதுவரை யாரும் பல்லைப் பற்றிப் பேசியதில்லை. ஞானசிகாமணி ஒரு சொல் விடாமல் கேட்டார். பிறகு மறுபடி இறங்கி ஓடினார்.

"அப்போ இது அட்டைப்பூச்சி வளத்த ஜாடிதான்," என்றாள் ரெஜினாள். "கெட்ட ரத்தம் எடுக்க வைத்தியமாரு வச்சிருப்பாவ."

பாத்திரம் பூசணிக்காயாக உப்பியது. உள்ளே ஏதோ நெளிந்தது. பின் இல்லாமல் போனது.

பூவராகன் அதையும் மறுத்தார். அவர் குரல் இப்போது கசங்கிய காகிதம் போலிருந்தது. கீழேயிருந்து கண்டக்டர் கத்தினார்.

"யோவ் பூவராகன்! வாறீரா, இல்ல இங்கயே குடித்தனம் வைக்கப் போறீரா?"

பஸ்ஸில் ஒருத்திக்குப் பிள்ளை பிறந்து, பெயரும் வைத்தாகிவிட்டது.

"போகணும் சார்," என்றார் பூவராகன். "பிள்ள பல்லு வலியில கிடக்கா."

"இன்னும் கண்டுபிடிக்கலையே. என்ன செய்ய?"

பூவராகன் சிரிக்க முயன்றார். காய்ந்த உதடு வெடித்து ஒரு பொட்டு ரத்தம் வந்தது. ஞானசிகாமணி அதைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

மூன்றாம் முறை அவர் ஓடவில்லை. நடந்தார். கடையில் ஜாடியை வைத்து, விளிம்புக்குக் கீழே விரலால் தொட்டுக் காட்டினார்.

"இங்க ஒரு குமிழி இருக்கு. பாரும்மா."

"இத மொதல்லயே காட்டியிருக்கலாம்லா? ஊதினவன் மூச்சு இதுக்குள்ளதான் நிக்கும்."

ரெஜினாள் ஊசியால் குமிழியைக் குத்தி, ஜாடியைக் காதில் வைத்துக் கேட்டாள். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஜாடி ஒரு சாதாரணத் தம்ளராகியிருந்தது.

"போயி தண்ணி குடுங்க அண்ணாச்சி."

"செஞ்சவன் பேரு?"

"அத நான் வேற சொல்லணுமாக்கும்?"

இந்த முறை ஒரே ஒரு படிதான் இருந்தது. அடுத்த அடியில் வீடு.

பூவராகன் மடக்மடக்கென்று குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதை ஞானசிகாமணி கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலி காலியானது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே பூவராகன் திரும்பினார்.

"ஆமா, யாரு செஞ்சதாம்?"

"நான்தான்."

"நீங்களா! எப்போ?"

"நீங்க வீடு தெரியாம தெருவுல முழிச்சிக்கிட்டு நின்னீங்கள்லா, அப்போ."

"எனக்குத் தண்ணி குடுக்கவா?"

"இல்ல," என்றார் ஞானசிகாமணி. "குடுக்காம இருக்க."