ஹெட்லைட் அணைந்த காரணம்

பேரையூர் சாலையில் ஹெட்லைட் இரண்டும் ஒரே சமயத்தில் அணைந்துவிட்டன என்று கிரீஷ் சொன்னதை அவனுடைய மாமனார் சாம்பசிவம் மட்டும்தான் நம்பினார். இருட்டில் வளைவு தெரியாமல் கார் புளியமரத்தில் மோதியது. இடப்பக்கம் உட்கார்ந்திருந்த அவன் மனைவி மதுவந்தி அங்கேயே இறந்துபோனாள். கிரீஷுக்கு இடுப்பெலும்பு உடைந்தது. தூங்கிவிட்டான், குடித்திருந்தான் என்று உறவுக்காரர்கள் ஆளுக்கொன்று பேசினார்கள். தன் மகளை உட்காரவைத்துக்கொண்டு அப்படி ஓட்டுகிறவன் இல்லை அவன் என்று சாம்பசிவம் எல்லோரிடமும் வாதாடினார்.

அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்த இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் அது. போலீஸ் விடுவித்த பிறகு, திருப்பரங்குன்றத்தில் கிரீஷ் வீட்டு ஷெட்டில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. அவன் எழுந்து நடக்க ஆரம்பித்ததும், ஆட்டோ எலக்ட்ரீஷியன் இம்மானுவேலை அழைத்துவந்தது சாம்பசிவம்தான். பேசுகிற வாய்களை அடைக்க வேண்டும் என்றார்.

இம்மானுவேல் புது பேட்டரி மாட்டினார். இடப்பக்க விளக்கு நொறுங்கியிருந்தது. வலப்பக்கத்து விளக்கு முழுசாக இருந்தும் எரியவில்லை. சுவிட்சில் பழுதில்லை. விளக்குக்கு வரும் வயரில் டெஸ்ட் லைட்டை வைத்ததும் அது பளிச்சென்று எரிந்தது.

"கரண்டு வருதுண்ணே. திரும்பிப் போகத்தான் வழியில்ல. எர்த்தைப் பாப்போம்."

இரண்டு விளக்குகளின் எர்த் வயரும் வலது சக்கரத்துக்கு மேலே ஒரே போல்ட்டில் சேர்ந்தன. சாம்பசிவம் குனிந்து டார்ச் பிடித்தார். இம்மானுவேல் போல்ட்டைக் கழற்றி, வயர் முனையிலிருந்த வளையத்தைத் தூக்கினார். அடியில் பச்சை பெயிண்ட் கீறல்கூட இல்லாமல் மினுங்கியது. போல்ட்டின் மரை வழியாகக் கொஞ்சம் தொடர்பு இருந்திருக்கும், ஓட்டத்தின் அதிர்வில் அதுவும் விட்டுப்போயிருக்கும் என்றார்.

"பெயிண்டு வழியா கரண்டு பாயாது. அதைச் சுரண்டாம மாட்டியிருக்காங்க. யாருண்ணே செஞ்சது?"

விபத்துக்கு முந்தின வாரம்தான் காருக்குப் பெயிண்ட் அடித்திருந்தான் கிரீஷ். நிறத்தைத் தேர்ந்தெடுத்தவள் மதுவந்தி. வயர்களை மெக்கானிக்கிடம் விடாமல் அவனே மாட்டினான்.

"நான்தான்" என்றான்.

டார்ச் வெளிச்சம் அசையாமல் நின்றது. பிறகு சாம்பசிவம் அதை அணைத்து பானெட்டின் மேல் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் தெருவில் இறங்கி நடந்தார்.

இம்மானுவேல் இரும்பு தெரியும்வரை சுரண்டி, வயரை மாட்டினார். விளக்கு எரிந்தது. கிரீஷ் அதை அணைக்கச் சொன்னான்.

அடுத்த வாரம் அவன் சோழவந்தானில் மாமனார் வீட்டுக்குப் போனான். மாமியார் ஜகதாம்பாள் கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி, காபி கொடுத்தாள். உள்ளறையில் சாம்பசிவம் இருமுவது கேட்டது. அவர் வெளியே வரவில்லை.

"வேணும்னு செய்யலைன்னு எங்களுக்குத் தெரியும் மாப்பிள்ளை" என்றாள். "ஆனா அவரால உங்க முகத்தைப் பார்க்க முடியலை. இனிமே வராதீங்க."

கிரீஷ் தலையசைத்தான். அவன் காபியைக் குடித்து முடிக்கும்வரை அவள் எதிரிலேயே நின்றிருந்தாள்.