காய்ந்த பாதி

விடிய இன்னும் நேரமிருந்தது. இரண்டாம் மாடி நடைகூடம் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை எண்பத்தாறு காலடி. பம்பரம் எண்ணி வைத்திருந்தாள். மாப்பைப் பிழிந்து, குனிந்து, இடமும் வலமுமாக வீசிக்கொண்டே பின்னால் நகர வேண்டும். பினாயில் நெடி மூக்கைத் தாண்டித் தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் வீட்டுக்குப் போய் எதைத் தின்றாலும் அதே ருசிதான். முக்கால் தூரம் வருவதற்குள் இடுப்பு யாருடையது என்பதே மறந்துவிடும்.

பம்பரம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. ஓரிடத்தில் நின்று பேசத் தெரியாதவள் என்பதால் வந்தது. கல்யாணப் படத்திலேயே அவள் முகம் அசைந்துதான் விழுந்திருக்கிறது என்பாள் மூன்றாம் மாடியைத் துடைக்கும் அக்கா. அக்கா எதையும் ஒரு பிடி கூட்டிச் சொல்கிறவள்தான், ஆனாலும் நம்பலாம்.

முன்பெல்லாம் அந்த ஆஸ்பத்திரியில் மாடிக்கு இரண்டு பேர். ஒருத்தி ஈரம் போடுவாள், இன்னொருத்தி பின்னாலேயே உலர்ந்த துணியால் ஒற்றி எடுப்பாள். அதுவும் காலைச் சாப்பாடு முடிந்து எட்டு மணிக்குமேல். ஆறு மாதத்துக்கு முன் துப்புரவுக் காண்ட்ராக்ட் எடுத்த புது மனிதர் இரண்டையும் மாற்றினார். மாடிக்கு ஒருத்தி போதும்; ஏழு மணிக்குள் தரை பளபளக்க வேண்டும். ஏழு மணிக்குப் பெரிய டாக்டர் வருவார். தரையில் தன் முகம் தெரியாவிட்டால் அவருக்குப் பொழுதே விடியாது என்று கேள்வி. வாரத்துக்கு ஒருமுறை சவரம் பார்க்கிற முகத்துக்கு அவ்வளவு ஆசை.

ஆனால் முதியவர்கள் வார்டில் ஐந்து மணியிலிருந்தே ஒவ்வொருவராக எழுந்துவிடுவார்கள். நீர் பிரிய மாத்திரை போட்டவர்களைக் கட்டில் தாங்குமா? யார் எத்தனை மணிக்குக் கக்கூஸ் போவார்கள் என்பது நர்ஸின் நோட்டில்கூட இல்லை. பம்பரத்துக்குத் தெரியும். தினமும் அந்தக் கால்களைச் சந்திக்கிறது அவளுடைய மாப்புதானே. ஐந்து பத்துக்கு ஜன்னலோரத்து டீச்சரம்மா. ஐந்தேகாலுக்கு ரிட்டயரான தபால்காரர்.

அதனால் அவள் ஒரு வேலை செய்தாள். நடைகூடத்தை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்து, கைப்பிடிக் கம்பி இருக்கும் பக்கத்தைக் காய்ந்தபடி விட்டு, மறுபாதியை மட்டும் துடைப்பாள். பெரியவர்கள் எல்லோரும் கம்பியைப் பிடித்தபடி போய் வந்த பிறகுதான் இந்தப் பாதிக்கு ஈரம். ஒரே குறை, நடுவில் கோடு தெரியும். முடிய ஏழரை ஆகும். ஒருநாள் காண்ட்ராக்டர் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டார். ரெண்டு நாட்டுக்கு எல்லை போடுகிறாயா என்று நக்கலடித்துவிட்டு, இனிமேல் ஒரே வீச்சில் துடைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரே வீச்சில் துடைத்தாள். மூன்றாம் நாள் தபால்காரர் விழுந்தார்.

கட்டிலோரம் மணி இருக்கிறது, அடித்தால் யாராவது வருவார்கள் என்று எத்தனையோ முறை சொல்லியாயிற்று. "நாப்பது வருஷம் நான் மணியடிச்சு மத்தவங்க எந்திரிச்சு வந்தாங்க. போதும்" என்பார். அன்றைக்கும் அவராகத்தான் எழுந்து வந்தார். பத்தடி தூரத்தில் நின்ற பம்பரம், கால் வழுக்குவதைப் பார்த்து மாப்பை எறிந்துவிட்டு ஓடினாள். அவள் போட்ட ஈரம் அவளையும் விடவில்லை. முட்டி தரையில் மோத, தவழ்ந்துதான் அவரிடம் போய்ச் சேர்ந்தாள். அவருடைய இடுப்பெலும்பு போயிருந்தது. அடியில் சூடாக ஈரம் பரவியது.

"துடைச்ச இடத்த நாசம் பண்ணிட்டேன்மா" என்றார் அவர்.

அந்த ஒரு வார்த்தைதான் அவளை உட்காரவும் விடவில்லை, நிற்கவும் விடவில்லை.

ஒன்பது மணிக்குக் காண்ட்ராக்டர் கூப்பிட்டனுப்பினார். மேசையில் ஒரு தாள் தயாராக இருந்தது.

"எச்சரிக்கைப் பலகை வைக்க மறந்துட்டேன்னு எழுதியிருக்கு. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்."

"எந்தப் பலகைங்க?"

"மஞ்சப் பலகை."

"மொத்தக் கட்டடத்துக்கும் அது ஒண்ணுதான். வர்றவங்க கண்ணுல படட்டும்னு வாசல்ல வைக்கச் சொன்னது நீங்கதான்."

அவர் சிரித்தார். சிரிப்பில் குறை வைக்காத மனிதர்.

"உன் நல்லதுக்குச் சொல்றேன். போட்டா சலவைப் பக்கம் மாத்தி விடறேன். போடலேன்னா நாளைக்கு ஏழு மணிக்கு மேல நீ இங்க இல்ல."

"நான் சலவைக்குப் போயிட்டா, அந்த மாடிய அஞ்சு மணிக்கு யார் துடைப்பா?"

"வேற ஒருத்தி."

"ஒரே வீச்சிலயா?"

"தரை துடைக்க எனக்கே பாடம் எடுக்கறியா?"

"நீங்க ஒருநாள் துடைச்சிருந்தா நான் எடுத்திருக்க மாட்டேங்க."

தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். கையெழுத்துப் போட்டால் சோறு நிச்சயம். அடுத்து விழப்போவது டீச்சரம்மா என்பதும் நிச்சயம்.

வேலை முடிந்ததும் பின்படிக்கட்டில் நான்கு மாடிக்காரிகளும் கூடினார்கள். பம்பரம் படியில் ஏறுவதும் இறங்குவதுமாகவே விஷயத்தைச் சொல்லி முடித்தாள். முதல் மாடிக்காரி, போட்டுத் தொலையேன் என்றாள். அவள் வீட்டுக்காரர் வேலை தேடுகிற அழகை ஊரே அறியும், அவள் பயம் அவளுக்கு. மூன்றாம் மாடி அக்கா தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடித்தாள்.

"போன வாரம் என் மாடியில ஒரு அம்மா வழுக்கி விழப் பாத்தாங்க" என்றாள் அக்கா கடைசியில். "கைத்தாங்கலா பிடிச்சிட்டேன். யார்கிட்டயும் சொல்லல. என் தப்புன்னுதான் நினைச்சேன்."

நான்காம் மாடியில் இரண்டு பேர் வழுக்கியிருந்தார்கள். நர்ஸ்கள் நோட்டில் 'உட்கார்ந்தார்' என்று எழுதிக்கொண்டார்களாம். போட்டுத் தொலை என்றவளும் மெல்ல ஒரு விரலை உயர்த்தினாள். தபால்காரரோடு ஐந்து. அவளவள் தன் குற்றமென்று முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்துப் பார்த்தால், எல்லாம் ஒரே ஈரம்.

அப்புறம் பேச்சு நீளவில்லை. நாளைக்கு நான்கு மாடியிலும் பாதிதான். இரவு நர்ஸிடமும் சொல்லிவைத்தார்கள். எனக்கொன்றும் தெரியாது, என்னை இழுக்காதீர்கள் என்று அவள் கையை உதறினாள். பத்து நிமிஷம் கழித்து, நீர் மாத்திரை யார் யாருக்கு என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தாள். இப்படியும் சிலர்.

மறுநாள் ஆறேகாலுக்குக் காண்ட்ராக்டர் வந்தபோது நான்கு மாடியிலும் நடுவில் கோடு கிடந்தது. சுவரோரமாகப் பெரியவர்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். நால்வரும் இரண்டாம் மாடியில் வந்து நின்றார்கள். பம்பரம் கையெழுத்தில்லாத தாளை நீட்டினாள்.

"யாரைக் கேட்டு இதெல்லாம்?"

"எங்களத்தான் யாரும் கேக்கல" என்றாள் அக்கா. "மாடிக்கு ரெண்டு பேர் வேணும். எட்டு மணிக்குத் துடைக்கிறோம். அதுவரைக்கும் இந்தப் பாதிக்கு ஈரம் இல்ல."

அவர் போனை எடுத்தார். அரை மணியில் வேன் வந்தது. அவருடைய இன்னொரு ஆஸ்பத்திரியிலிருந்து நான்கு பெண்கள், இவர்களைப் போலவே நீலச் சட்டை, தூக்கம் கலையாத கண்கள். முதல் மாடிக்காரியின் முகம் செத்துப்போனது. வந்தவர்களில் ஒரு நெட்டைப் பெண் வாளியை இறக்கி வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

"எதுக்கு இந்தப் பக்கத்த விட்டு வச்சிருக்கீங்க?"

பம்பரம் மூச்சு விடாமல் சொன்னாள். தபால்காரர், மணி, அவர் சொன்ன வார்த்தை, எல்லாம். நெட்டைப் பெண் காண்ட்ராக்டர் பக்கம் திரும்பவேயில்லை.

"எங்க பக்கம் போன மாசம் ரெண்டு பேரு" என்றாள். "ஒருத்தர் வீடு திரும்பல."

"வேலையைப் பாரும்மா. மணி ஆறே முக்கால்."

"பாக்கறோம்ணே. இந்தப் பாதிய எட்டு மணிக்குப் பாக்கறோம்."

அந்நேரம் பார்த்து டீச்சரம்மா இரண்டாம் நடைக்குக் கிளம்பி வார்டு வாசற்படியில் தோன்றினாள். எட்டுப் பெண்களையும் எட்டு மாப்புகளையும் ஏற இறங்கப் பார்த்தாள். வகுப்பில் சத்தம் கேட்டதுபோல் புருவத்தை நெரித்தாள். நெட்டைப் பெண் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையை நீட்டினாள். டீச்சரம்மா ஒரு கையில் கம்பியையும் மறு கையில் அவளையும் பிடித்துக்கொண்டு காய்ந்த தரையில் காலை வைத்தாள்.

லிஃப்டின் மணி அடித்தது. காண்ட்ராக்டர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். பெரிய டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். பெண்கள் யாரும் நகரவில்லை, டீச்சரம்மாவுக்கு வழி விட்டதைத் தவிர.